வினைமுற்றின் வால்

2006ஆம் ஆண்டு அக்டோபர் பதினைந்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி இருபது நிமிடத்துக்கு நான் காலிச்சாவை முதன்முதலாகச் சந்தித்தேன். நேரத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம் என் நினைவாற்றல் அன்று. அவர் தட்டச்சு செய்து கொடுத்த தாளின் தலைப்பில் அது பதிவாகியிருந்தது. அதே தாளில் அவர் எழுதியிருந்த இரண்டு வாக்கியங்களை நான் சிவப்பு மையால் திருத்தி, ஓரத்தில் கையெழுத்தும் இட்டேன். என் முப்பது ஆண்டு ஆசிரியப் பணியில் நான் செய்த திருத்தங்களில் இலக்கணப்படி மிகச் சரியானது அதுதான். மிகுந்த நட்டத்தை விளைவித்ததும் அதுதான்.

அந்த ஆண்டு என் வீட்டில் எட்டு மாத இரட்டைக் குழந்தைகள் இருந்தனர். என் மனைவி பூருலுக்குத் தாய்ப்பால் போதவில்லை. எங்கள் ஏரிக்கரையில் குளிர் இறங்கிவிட்டால் ஏப்ரல் வரை பாலுக்கு எங்கும் போக முடியாது. ஆகவே பசு ஒன்று வாங்கியே தீரவேண்டும். அந்தப் பசு தவறிப்போனால் இன்னொன்று வாங்கக் கல்லூரிச் சம்பளத்தில் இடமில்லை. நான் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது பூருல் வாசல்வரை வந்து சொன்னாள்:

“மடியப் பாருங்க, பல்லப் பாருங்க. எல்லாத்துக்கும் மேல வாலப் பாத்து வாங்குங்க. மறந்துடாதீங்க.”

“வாலையா?”

“வாலத்தான். இலக்கணம் படிச்ச மனுசனுக்கு இதையும் நான் சொல்லித் தரணுமா?”

இலக்கணத்துக்கும் வாலுக்கும் என்ன தொடர்பு என்று எனக்கு விளங்கவில்லை. எனினும் கேள்வி கேட்டால் இருவரில் ஒருவன் விழித்துக்கொள்வான் என்பதால் கேட்காமல் நடந்தேன்.

எங்கள் ஊர்க் கால்நடைச் சந்தையில் உடல்நல உத்தரவாதம் இல்லாமல் ஒரு செம்மறிக் குட்டிகூடக் கைமாறுவதில்லை. விற்பவன் முதலில் ரொட்டியின்மேல் சத்தியம் செய்வான். நோய் இருந்தால் தன்னை ரொட்டி அடிக்கட்டும் என்பான். எங்கள் சந்தையில் இதுவரை ரொட்டியால் அடிபட்டவர் எவரும் இல்லை. அடுத்து, வாசலுக்குப் பக்கத்தில் ஒரு ஜன்னல் இருந்தது. அதற்குள் பணத்தை நீட்டினால் நீல முத்திரையுடன் சான்றிதழ் வரும். அந்த ஜன்னல் ஆளுயரத்துக்கு மேல் அமைந்திருந்தபடியால் மாடுகள் உள்ளே எட்டிப் பார்க்க வழியில்லை; உள்ளே இருந்தவரும் வெளியே எட்டிப் பார்த்ததில்லை. ஒருவர் தம் மோட்டார் சைக்கிளின் வரிசை எண்ணை அங்கே தவறுதலாகக் கொடுத்து, அதுவும் ஒரு கால்நடைதான் என்ற சான்றுடன் வீடு திரும்பினாராம்.

இவ்விரண்டையும் தாண்டி மூன்றாவதாக ஓர் உத்தரவாதம் வேண்டியவர்கள் காலிச்சாவிடம் வந்தனர். வாசலின் இடப்புறம், சக்கரமும் பால் தொட்டியும் இல்லாத ஒரு லாரியின் முன்கூடு நின்றது. ஓட்டுநர் இருக்கையில், மடிமீது பலகை வைத்து, பலகைமீது தட்டச்சுப் பொறி வைத்து, விரல்நுனி வெட்டிய கையுறைகளுடன் அவர் அமர்ந்திருப்பார். அப்போது அவருக்கு ஐம்பத்தைந்து வயது. தம்மைவிட மூத்தவர்கள் உட்பட சந்தை முழுவதும் அவரை ‘எஜே’ என்று, அக்கா முறை வைத்தே அழைத்தது.

நான் வாங்க முடிவுசெய்தது ஒரு சிவப்புப் பசு. விற்றவன் பெயர் சாத்திபல்தி. எங்கள் மொழியில் அந்தப் பெயருக்கு ‘விலைக்கு வாங்கினான்’ என்று பொருள்; அவனோ வாழ்நாளெல்லாம் விற்றுக்கொண்டே இருந்தவன்.

“வாத்தியாரே, இது மாடு இல்ல, பால் கடை,” என்றான். “என் சொந்த அத்தை மாதிரி வச்சு வளத்தேன்.”

“அத்தையை யாராவது விப்பாங்களா?”

“குளிர் வருதே. அத்தைக்கு வைக்கோல் யாரு போடறது?”

நான் மடியைப் பார்த்தேன், பல்லைப் பார்த்தேன். பிறகு பூருல் சொன்னது நினைவுக்கு வந்து பின்பக்கம் சென்றேன்.

“வால் எப்படி?”

சாத்திபல்தி ஒரு கணம் திகைத்து, உடனே தேறிக்கொண்டான். “வாலா? இந்தப் பள்ளத்தாக்குல இப்படி ஒரு வால் வேற எந்த மாட்டுக்கு இருக்கு? தொட்டுப் பாருங்க. தூக்கிப் பாருங்க!”

தூக்கிப் பார்த்தேன். நீளமான, அடர்ந்த, குறைசொல்ல முடியாத வால். மனநிறைவோடு விலையை முடித்து, ஜன்னலில் நீல முத்திரைச் சான்றிதழும் வாங்கிக்கொண்டு காலிச்சாவின் வரிசையில் நின்றேன்.

எனக்கு முன்னால் ஒரு பெண், செம்மறி ஒன்றுக்குத் தாள் வாங்க நின்றிருந்தார். பொறி ஓய்ந்ததும் அவர் லாரிக் கூட்டின் ஜன்னலில் தலையை நீட்டி, “எஜே, வால் இருக்கா?” என்று கேட்டார்.

“இருக்கு,” என்றார் காலிச்சா, தலை நிமிராமல்.

அந்தப் பெண் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு நடந்துவிட்டார். செம்மறியின் சொந்தக்காரர் அவர் பின்னால் ஓடினார். “ஏம்மா, செம்மறின்னா கொழுத்த வால் இருக்கத்தானே செய்யும்! வாலுக்குத்தானே ஊரே செம்மறி வாங்குது! அஞ்சு கிலோ கொழுப்பும்மா!”

சந்தைக்கு வருகிறவர்களில் பாதிப்பேருக்குப் புத்தி சரியில்லை என்று நான் அப்போது முடிவுசெய்தேன். எண்ணிக்கை ஏறக்குறைய சரிதான். எந்தப் பாதி என்பதில்தான் பிழை.

எங்கள் முறை வந்தது. காலிச்சா சாத்திபல்தியைப் பார்த்துக் கேட்டார்.

“கோமாரி வந்திருக்கா?”

“வந்ததே இல்ல எஜே. ரொட்டி அடிக்கட்டும்.”

“ரொட்டிக்கு வேற வேலை இருக்கு. வந்ததில்லன்னு யாரு பாத்தா?”

“யாரு பாக்கணும்? நான்தான் பாத்தேன்.”

“வீட்டுல மத்த மாடுங்க?”

“எல்லாம் சுகம். உங்களக் கேட்டதா சொல்லச் சொல்லுச்சு.”

“எத்தன நாளுக்குப் பொறுப்பு?”

“வாழ்நாள் முழுக்க!”

“யாரு வாழ்நாள்? மாட்டோடதா, உன்னோடதா?”

“பதினஞ்சு நாள்னு போடுங்க.”

பொறி படபடவென ஓடி, முதல் வாக்கியம் முடிவதற்குச் சற்று முன்னால் நின்றது. “நாடா சிக்கிடுச்சு,” என்றார் அவர். “நீங்க அங்க போய்க் கயித்தக் கைமாத்திட்டு வாங்க. அதுக்குள்ள சரி பண்றேன்.”

கால்நடையை விற்றவன் கயிற்றைக் கொடுக்குமுன் தன் அங்கியின் முனையால் அதன் மூக்கையும் வாயையும் துடைத்து, அந்த ஈரத்தோடு அதன் அதிர்ஷ்டத்தையும் தன் வீட்டுக்கே கொண்டுபோவது எங்கள் வழக்கம். சாத்திபல்தி கயிற்றைக் கைநீட்டி எட்டத்திலிருந்தே கொடுத்தான். கொடுத்ததும் இரு கைகளையும் பைக்குள் விட்டுக்கொண்டான். நான் கயிற்றை மட்டுமே பார்த்தேன். லாரியின் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து காலிச்சா மற்றதைப் பார்த்தார். திரும்பி வந்தபோது நாடா சரியாகியிருந்தது. பொறி மீண்டும் படபடத்தது, மணியோசை, தாள் என் கைக்கு வந்தது:

‘இப்பசுவுக்குக் கோமாரி வந்ததில்லையாம். பதினைந்து நாளுக்குள் வந்தால் விற்றவர் இதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பணத்தைக் கொடுப்பாராம்.’

கண்ணால் கண்டதை ஒரு விகுதியாலும் காதால் கேட்டதை இன்னொரு விகுதியாலும் முடிப்பது எங்கள் மொழியின் இயல்பு. அவ்விரண்டையும் குழப்பும் மாணவர்களுக்கு மதிப்பெண் குறைப்பது என் இயல்பு.

“அம்மா, இது ஆவணம்,” என்றேன். “ஆவணத்துல வினைய உறுதியா முடிக்கணும். ‘ஆம்’னு முடிச்சா யாரோ சொன்ன கதை மாதிரி ஆயிடும்.”

“ஆகட்டுமே.”

“ஆகக்கூடாது.”

“வாத்தியாரே, அந்த எழுத்து உங்கள என்ன பண்ணுது? கனமா இருக்கா? இந்தாங்க, டீ குடிங்க. அடுத்த ஞாயிறு வந்து வாங்கினாலும் மாடு மாடாத்தான் இருக்கும்.”

“நான் கல்லூரியில வினைமுற்று நடத்துறவன்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பக்கத்தில் சாத்திபல்தி நின்றிருந்தான். “அப்ப நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல,” என்றார்.

“படிச்சவங்க படிச்சவங்கதான்!” என்று சாத்திபல்தி மகிழ்ந்தான். “திருத்துங்க வாத்தியாரே, நல்லாத் திருத்துங்க.”

நான் இரண்டு ‘ஆம்’களையும் சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் ‘திருத்தப்பட்டது’ என்று எழுதி, தேர்வுத்தாளில் இடுவதுபோல் கையெழுத்திட்டேன்.

வியாழக்கிழமை காலை பசுவின் வாயிலிருந்து எச்சில் கயிறுகயிறாகத் தொங்கியது. வெள்ளியன்று குளம்புகளுக்கிடையே கொப்புளம். சனிக்கிழமை கறந்த பால் ஒரு தேநீர்க் கிண்ணத்தையும் நிரப்பவில்லை. பார்க்க வந்த கால்நடை மருத்துவர் சந்தேகத்துக்கு இடமின்றிக் கோமாரி என்றார். விற்பதற்கு முன்பே தொற்றியிருக்கிறது. பசு பிழைக்கும், ஆனால் கன்று ஈனும்வரை பாலை எதிர்பார்க்க வேண்டாம். கறக்கும் சொட்டையும் குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம்.

அவர் போனதும் பூருல் கேட்டாள். “வாலப் பாத்தீங்களா?”

“பாத்தேன். அரை ஆள் நீளம் இருந்துச்சு.”

“எந்த வால்?”

“மாட்டுக்கு எத்தனை வால் இருக்கும்?”

அவள் தாளை எடுத்துவரச் சொன்னாள். சிவப்பு மை பட்ட இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “வால் இருந்திருக்கு. நீங்களே அறுத்துட்டு வந்திருக்கீங்க.”

ஊரிலுள்ள பெண்கள் அனைவருக்கும் தெரிந்திருந்த செய்தி எனக்கு அன்றுதான் தெரியவந்தது. காலிச்சா தாமே நம்பிய மாட்டுக்கு ‘வந்ததில்லை’ என்று எழுதுவார். நம்பாத மாட்டுக்கு ‘வந்ததில்லையாம்’ என்று எழுதுவார்; அந்த ‘ஆம்’தான் வால். விற்பவன் மூக்கைத் துடைத்தானா என்று பார்த்த பின்னரே கடைசி எழுத்துகளை அடிப்பார். நலமான மாட்டின் ஈரத்தை எவனும் விட்டுவரமாட்டான். நோயின் ஈரத்தை எவனும் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டான். விற்பவர்கள் தாளில் மாட்டையும் நாள் கணக்கையும் பார்த்தார்களே தவிர வினைமுற்றைப் பார்த்ததில்லை. பார்த்த ஓரிருவரும், பழைய வீரகதைகள் அப்படித்தானே முடிகின்றன என்று எண்ணிப் பெருமைப்பட்டார்கள்.

“எங்கிட்ட ஏன் முன்னாலயே சொல்லல?”

“ஆம்பளைங்ககிட்ட சொன்னா மத்தியானம் டீக்கடைக்குப் போயிடும், அடுத்த ஞாயிறு சந்தைக்குப் போயிடும். நீங்க பதினெட்டு வருசமா இந்த விகுதியத்தானே நடத்துறீங்க? தாளப் பாத்தாலே புரியும்னு நெனச்சேன்.” இரட்டையரில் ஒன்று அழத் தொடங்கியது. “இப்ப இதுங்களுக்கு என்ன குடுக்கறது? விகுதியா?”

மறுநாள் சந்தைக்குப் போனேன். கோமாரிச் செய்தி பரவியதால் அந்த வாரம் சந்தை மூடப்பட்டிருந்தது. அதாவது, வாசலுக்குப் பெரிய பூட்டு போட்டிருந்தார்கள். வேலி இல்லாத பக்கமாக எல்லோரும் வந்துகொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் காலிச்சா லாரிக்கூட்டிலிருந்து கத்தினார்.

“அங்கயே நில்லுங்க! கோமாரி வீட்டுக் காலோட உள்ள வராதீங்க. அந்தச் சாம்பல்ல செருப்பத் தேயுங்க.”

பிறகு தேநீருடன் தாமே வெளியே வந்தார். அன்றுதான் அவர் கதையை அவரிடமே கேட்டேன்.

எங்கள் பகுதிக் கூட்டுப்பண்ணையில் அவர் இருபத்திரண்டு ஆண்டுகள் தட்டச்சராக இருந்தார். மாதந்தோறும் பால் அறிக்கை அடிப்பது அவர் வேலை. பண்ணைத் தலைவர் எண்களைச் சொல்வார், இவர் அடிப்பார். கொட்டிலில் கறந்த பாலைவிட அந்தப் பொறியில் கறந்த பால் எப்போதும் அதிகமாகவே இருந்தது. அவர் கணவர் பால் லாரி ஓட்டியவர். தொட்டி எந்த அளவுக்கு நிரம்புகிறது என்பது அவருக்குத் தெரியும், ஆகவே இவருக்கும் தெரியும். பொய் அடிக்க இவருக்கு மனம் வரவில்லை. அடிக்காமலிருக்கவும் வழியில்லை. ஆகவே கணவர் கண்டதைக் ‘கறந்தது’ என்றும், தலைவர் சொன்னதைக் ‘கறந்ததாம்’ என்றும் அடித்தார். எண்ணைத் தாண்டி வினைவரை வாசிக்கும் வழக்கம் மாவட்டத்திலும் இல்லை, தலைநகரிலும் இல்லை. அந்தக் ‘கறந்ததாம்’களின் பலத்தில் தலைவருக்கு இரண்டு பதக்கங்கள் கிடைத்தன. பண்ணை கலைந்தபோது சொத்தைப் பங்கிட்டார்கள்: ஒருவருக்கு டிராக்டரின் முன்பாதி, இன்னொருவருக்குப் பின்பாதி. காலிச்சாவுக்குத் தட்டச்சுப் பொறி கிடைத்தது. அவர் கணவருக்கு லாரியின் முன்கூடு கிடைத்தது. அவர் இறந்தபின் அதுவும் இவருக்கே வந்தது. அந்தப் பொறி உருசிய எழுத்துகளுக்காகச் செய்யப்பட்டது. எங்கள் மொழிக்கே உரிய மூன்று எழுத்துகள் அதில் கிடையா. அவற்றைப் பேனாவால் வரைந்து சேர்ப்பார்.

“பெரியவங்க மன்றத்துல முறையீடு குடுத்திருக்கேன் எஜே,” என்றேன். “முதல் தேதி விசாரணை. நீங்க முதல்ல ‘ஆம்’னுதான் அடிச்சீங்க, ஏன் அடிச்சீங்கன்னு நான் விளக்கிட்டாப் போதும். அவன் தெரிஞ்சேதான் வித்தான்னு ஆயிடும். பணம் திரும்பி வந்துடும்.”

“வந்துடும்,” என்றார் காலிச்சா. “அதுக்கு அடுத்த ஞாயிறு?”

“அடுத்த ஞாயிறு என்ன?”

“எல்லாப் பயலும் வாய் நெறையச் சிரிச்சுக்கிட்டு மூக்கத் துடைப்பான். அப்பறம் ‘வால் இல்லாத தாளா குடு’ம்பான். குடுக்கலன்னா சிவப்புப் பேனாவோட வருவான். உங்கள மாதிரி.” தேநீர்க் கிண்ணத்தைக் கவிழ்த்து உதறினார். “நான் வேணாம்னு சொல்லல. புள்ளைங்க பாலு உங்களுக்கு. யோசிச்சுப் பண்ணுங்க.”

யோசித்தேன். யோசித்து, சொல்லிவிடுவது என்றே முடிவுசெய்தேன். அந்த முடிவை அழகிய சொற்களில் எழுதியும் வைத்துக்கொண்டேன். அதில் விகுதிகளின் தோற்றம் குறித்து ஒரு முன்னுரையும் இருந்தது.

மன்றம் பண்பாட்டு மாளிகையில் கூடியது. அடுப்பு ஒன்று, மேசை ஒன்று, மூன்று பெரியவர்கள், சந்தையில் பாதி. தலைமைப் பெரியவர் ஜூமாகாசி. இரண்டு பதக்கங்களையும் மார்பில் குத்திக்கொண்டு வந்திருந்தார். பண்ணையின் முன்னாள் தலைவர் அவர்தான்.

சாத்திபல்தி எளிமையாக வாதாடினான். “பெரியவங்களே, நான் படிக்காதவன். எஜே அடிச்ச தாளுக்கு நான் பொறுப்பு. ஆனா இதுல செவப்பு மை இருக்கு. செவப்பு மை என்னோடது இல்ல. கீழ இருக்கற கையெழுத்தும் என்னோடது இல்ல. மாட்டுக்கு நோய் இல்லன்னு கையெழுத்து போட்டவரு வாத்தியாரு. அவருகிட்டத்தான் அவரு கேக்கணும்.”

அவை சிரித்தது. ஜூமாகாசி தாளைக் கண்ணருகே கொண்டுபோனார்.

“வாத்தியாரே, இங்க என்னமோ அடிச்சிருக்கீங்க. முன்னாடி என்ன இருந்துச்சு?”

நான் எழுந்தேன். முன்னுரைத் தாளை விரித்தேன். முதல் வரிசையில் சந்தை வியாபாரிகள் அத்தனைபேரும் அமர்ந்திருந்தார்கள். பின்வரிசையில் பெண்கள்; பூருல் ஒரு குழந்தையை மடியிலும் ஒன்றைத் தோளிலும் வைத்திருந்தாள். “பெரியவர்களே, நம் மொழியில் வினைமுற்று இருவகைப்படும்,” என்று தொடங்கினேன்.

“எம் மேலதான் தப்பு,” என்ற குரல் கேட்டது. காலிச்சா எழுந்து நின்றிருந்தார். “அதுல ரெண்டு எழுத்து கூட விழுந்திடுச்சு. தட்டச்சுப் பிழை. வாத்தியாரு சரியாத்தான் திருத்தினாரு.”

“பிழையா?” ஜூமாகாசி வருந்தினார். “இருபத்திரெண்டு வருசம் எங்கிட்ட வேலை பாத்தவ நீ. ஒரு பிழை விட்டதில்லையே, காலிச்சா.”

“வயசாயிடுச்சு, பைகே,” என்றார் காலிச்சா, அண்ணன் முறை வைத்து. “வினைய எப்படி முடிக்கறதுன்னு இப்பல்லாம் பிடிபடறதில்ல.”

“நல்லவேளை, பண்ணைக் காலத்துல இப்படி ஆகல,” என்றார் ஜூமாகாசி, பதக்கத்தைத் தடவியபடி.

“நல்லவேளை,” என்றார் காலிச்சா.

முதல் வரிசையில் ஒருவன், “எஜே, ஒண்ணாங் கிளாசுல உக்காருங்க!” என்றான். இன்னொருவன், “அதுக்கும் வாத்தியாரு செவப்பு மை போடுவாரு!” என்றான். பின்வரிசையில் ஒரு பெண்கூடச் சிரிக்கவில்லை. நான் நின்றபடியே இருந்தேன். என் கையில் முழு விளக்கமும் இருந்தது; வாயைத் திறந்தால் போதும். காலிச்சா என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துச் சொன்னார்: “என் பிழையால வாத்தியாரு வீட்டுப் புள்ளைங்களுக்குப் பாலு போச்சு. அந்த மாடு மறுபடி கறக்கறவரைக்கும் என் மாட்டுப் பாலத் தர்றேன். காலையில மூணு லிட்டரு.”

பின்வரிசையிலிருந்து பூருலின் குரல் வந்தது. “உக்காருங்க.”

உட்கார்ந்தேன்.

தீர்ப்பு பின்வருமாறு அமைந்தது: திருத்தப்பட்ட தாள் எவரையும் கட்டுப்படுத்தாது. ரொட்டியின்மேல் செய்த சத்தியம் செல்லும். ஆயினும் அது சாத்திபல்திக்கும் ரொட்டிக்கும் இடைப்பட்ட விவகாரம். நீல முத்திரைச் சான்றிதழில் ‘பசு, சிவப்பு, ஒன்று’ என்றே இருப்பதாலும், பசு சிவப்பாகவும் ஒன்றாகவும் இருப்பதாலும், அந்தச் சான்றிதழில் பிழை காணப்படவில்லை. காலிச்சா மூன்று வியாழக்கிழமைகள் கல்லூரிக்குச் சென்று இலக்கணம் கற்றுக்கொள்ள வேண்டும்.

அவர் வந்தார். கடைசி பெஞ்சில், கம்பளிக் காலணிகளோடு, குறிப்பேடு விரித்து உட்கார்ந்தார். மூன்றாம் வியாழனன்று கையுயர்த்தி ஒரு கேள்வி கேட்டார்: “பாத்துட்டே பாக்காத மாதிரி சொல்றதுக்கு என்ன விகுதி, வாத்தியாரே?”

“அப்படி ஒரு விகுதி இல்லம்மா.”

“சந்தைல அதுதான் அதிகம் ஓடுது,” என்று சொல்லி, குறிப்பேட்டில் எதையோ எழுதிக்கொண்டார்.

நவம்பரிலிருந்து ஏப்ரல்வரை, பனி முழங்கால் அளவு கிடந்த நாட்களிலும், காலை ஆறரைக்கு எங்கள் வெளிக்கதவுத் தூணில் நீலப் பால்தூக்கு ஒன்று தொங்கும். தம் மாட்டுக்கு நோயைக் கொண்டுபோகக் கூடாது என்பதால் அவர் ஒருநாளும் உள்ளே வரவில்லை. “பாலு!” என்று ஒரு குரல் கொடுப்பார். பூருல் கதவைத் திறப்பதற்குள் தெருமுனையைக் கடந்திருப்பார். காலித் தூக்கைக் கொதிநீரில் அலசித் தூணில் மாட்டி வைப்போம். குழந்தைகள் அந்தத் தூக்கின் ஓசைக்கே சிரிக்கப் பழகின.

சாத்திபல்தி தொடர்ந்து காலிச்சாவிடமே தாள் வாங்கினான். தன்னைக் காப்பாற்றிய அம்மா என்ற நன்றி. அவன் மாடுகளின் மூக்கு ஒருமுறைகூடத் துடைக்கப்படவில்லை. அவன் தாள்கள் அனைத்தும் நீண்ட, அடர்ந்த வால்களோடு வெளிவந்தன. விலை முடிந்த பிறகும் வாங்க வந்த வீட்டுப் பெண்கள் ஏன் ஒதுங்கிப் போகிறார்கள் என்று அவனுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. “நாட்டுல படிச்சவங்க கொறஞ்சுட்டாங்க வாத்தியாரே,” என்று ஒருநாள் என்னிடமே வருந்தினான். “இவ்வளவு அழகான தாளு, யாரும் மதிக்கறதில்ல.”

ஏப்ரலில் சிவப்புப் பசு கன்று ஈன்றது. நான் நீலத் தூக்கைத் துலக்கி எடுத்துக்கொண்டு காலிச்சாவின் வீட்டுக்குப் போனேன்.

“எஜே, உங்களுக்கு இலக்கணம் தெரியாதுன்னு ஊர் முழுக்க ஆயிடுச்சு. சந்தைல சின்னப் பசங்ககூடக் கேலி பண்றாங்க. இந்த ஊர்ல அத உங்க அளவுக்குத் தெரிஞ்சவங்க யாரும் இல்லன்னு நான் ஒருநாள் எல்லார் முன்னாலயும் எந்திரிச்சு சொல்லணும்.”

“சொல்லணும்தான்,” என்றார் அவர், சற்றும் கூச்சமின்றி. “அது எனக்கு வரவேண்டிய கடன். ஆனா நான் கேக்கறப்பதான் நீங்க குடுக்கணும். அதுக்கு முன்ன குடுத்தா வாங்கிக்க மாட்டேன்.”

பிறகு எட்டு ஆண்டுகள் அவர் அந்தக் கூட்டில் அமர்ந்திருந்தார். 2015இல் யாரோ அச்சடித்த படிவங்களைக் கொண்டுவந்தார்கள். ‘எந்த நோயும் வந்ததில்லை’ என்பது அவற்றில் முன்கூட்டியே அச்சாகியிருந்தது. மாட்டின் நிறத்தை மட்டும் நிரப்பினால் போதும். வால் ஒட்ட இடமில்லை. விற்பவர்கள் மகிழ்ச்சியோடு அங்கே போனார்கள். காலிச்சா பொறியை வீட்டுக்கு எடுத்துப்போனார். அந்த ஆண்டு நான் மீண்டும் கேட்டேன்.

“இனிமே மறைக்க என்ன இருக்கு எஜே? இப்பவாவது சொல்லட்டுமா?”

“நான் கேட்டேனா?” என்றார்.

2017 மார்ச்சில் அவர் இறந்தார். முற்றத்தில் ஆண்கள் வரிசையாக நின்றோம். தொழுகைக்கு முன் இமாம் வழக்கப்படி கேட்டார்: இறந்தவர் யாருக்கேனும் கடன்பட்டிருந்தால், யாரேனும் அவருக்குக் கடன்பட்டிருந்தால், இப்போதே சொல்லிவிடுங்கள். ஒரு வியாபாரி இரண்டு தாள்களுக்குக் காசு கொடுக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். சாத்திபல்தி தொப்பியைச் சரிசெய்துகொண்டு, “எனக்கு அவங்க எழுதினது எல்லாமே நல்ல தாளு. பாக்கி ஒண்ணுமில்ல,” என்றான்.

“வேற யாராவது?” என்றார் இமாம்.

நான் ஓர் அடி முன்னால் வைத்தேன். சந்தை முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. பத்து ஆண்டுகளாக உள்ளுக்குள் திருத்தித் திருத்தி வைத்திருந்த வாக்கியம் நாவில் இருந்தது. ‘ஆம்’ இல்லாமல், உறுதியாக முடிந்த வாக்கியம். பக்கத்தில் நின்றவர், “என்ன வாத்தியாரே, உங்களுக்கும் பாக்கியா?” என்று காதோடு கேட்டார்.

காலிச்சா கேட்கவில்லை. கேட்காமல் கொடுத்தால் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்று சொல்லியிருந்தார். நான் வரிசைக்குத் திரும்பினேன்.